நாட்டின் தலைவர் இந்த மதத்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போடுவது சரியா?

சரியில்லை என்பதுதான் என் பதில். ஆனால் அப்படிப்பட்ட சட்டங்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கின்றன. பாகிஸ்தானில் குடியரசுத் தலைவரும் பிரதமரும் முஸ்லிம்களாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது. பிரிட்டனில் கத்தோலிக்கர் ஒருவர் அரியணை ஏற முடியாது. 1701-இல் போட்ட சட்டம் இன்னும் தடுக்கிறது. பிரதமர் பதவிக்கு அந்தத் தடை இல்லை. 2022-இல் இந்துவான ரிஷி சுனக் அங்கே பிரதமரானார்.

இதில் லெபனானைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். அதிபர் மரோனைட் என்ற கத்தோலிக்கப் பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம் என்று 1943-இல் தலைவர்கள் பேசி முடித்துக்கொண்டார்கள். எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம்கூட இல்லை. 1932-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பிரித்த பங்கு இது. அதற்குப் பிறகு அங்கே அதிகாரபூர்வமான கணக்கெடுப்பே நடக்கவில்லை. தலைகளை எண்ணினால் பங்கை மாற்றச் சொல்லிக் கேட்பார்களே! பதினைந்து வருட உள்நாட்டுப் போரின் முடிவில், 1989-இல் வந்த தாயிஃப் ஒப்பந்தம் நாடாளுமன்ற இடங்களைக் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் சரிபாதியாக்கியது. அந்த மூன்று பதவிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. எவ்வளவு திறமை இருந்தாலும், ஷியா குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் அங்கே அதிபராக ஆசைப்பட வழியில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அர்ஜென்டினாவில் வேறு கதை. அதிபர் கத்தோலிக்கராக இருந்தாக வேண்டும் என்ற விதி அங்கே 1994 வரை இருந்தது. 1989-இல் அதிபரான கார்லோஸ் மெனெம், சிரியாவிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கராக மாறியவர். அவர் உண்மையாகவே நம்பித்தான் மாறியிருக்கலாம். ஆனாலும் பதவிக்காக மாறினாரோ என்று ஊர் பேசத்தான் செய்யும். ஒரு மனிதரின் நம்பிக்கையை இப்படிச் சந்தேகத்துக்கு ஆளாக்குவது மதத்துக்கும் மரியாதை இல்லை.

இந்தியாவில் சட்டத் தடை கிடையாது. 'கடவுளின் பெயரால்' என்றும் பதவியேற்கலாம், 'உளமார' என்றும் ஏற்கலாம். 2004-இல் அப்துல் கலாம் பதவிப் பிரமாணம் செய்து வைக்க, சீக்கியரான மன்மோகன் சிங் பிரதமரானார். அதே சமயம், இதுவரை ஒரு முஸ்லிமோ கிறிஸ்தவரோ இங்கே பிரதமரானதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சட்டம் தடுக்காவிட்டாலும், கட்சிகள் முன்னிறுத்தினால்தானே நடக்கும்? அமெரிக்காவிலும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்லியும், முதல் கத்தோலிக்க அதிபராக கென்னடி வெல்ல 1960 வரை ஆனது.

சிறுபான்மை மதத்தவர் ஒருவர் நாட்டின் தலைவராவது நடக்காத காரியம் என்பவர்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலைப் பார்க்கலாம். மக்களில் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்களாக உள்ள அந்த நாட்டை, 1960 முதல் 1980 கடைசி வரை ஆண்ட செங்கோர் ஒரு கத்தோலிக்கர்.