இரண்டு பைஜாமாவும் ஒரு சாவிக்கொத்தும்: பிரெஞ்சு நுவார் கேள்வி பதில்

1930-களின் கடைசியிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை பிரான்சில் வந்த குற்றப் படங்கள்தான் இந்த முறை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். எந்தப் படத்தின் முடிவையும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: சார், 'நுவார்' பிரெஞ்சுச் சொல். ஆனால் நுவார் என்றாலே எல்லோரும் ஹாலிவுட்டைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் இது யாருடையது?

பதில்: பெயர் வைத்தது பிரான்ஸ். நுவார் என்றால் கறுப்பு. ஜெர்மானியர் பிடியில் இருந்த ஆண்டுகளில் அமெரிக்கப் படங்களுக்கு அங்கே கதவு அடைபட்டிருந்தது. தேங்கிக் கிடந்ததெல்லாம் போர் முடிந்தபின் 1946-இல் மொத்தமாகப் பாரிசில் வந்து இறங்கியது. அவற்றில் சில படங்களைப் பார்த்துவிட்டு நீனோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் அந்த ஆகஸ்டில் 'ஃபிலிம் நுவார்' என்று எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் காலிமார் பதிப்பகம் 'செரி நுவார்' என்ற குற்ற நாவல் வரிசையைத் தொடங்கியிருந்தது. காதில் விழுந்துகொண்டிருந்த சொல் அது.

ஆனால் போருக்கு முன்பே பிரெஞ்சுப் பத்திரிகைகள் தங்கள் நாட்டுப் படங்களையே இப்படிக் 'கறுப்பு' என்று குறை சொல்லியிருக்கின்றன. மார்செல் கார்னே 1938-இல் எடுத்த 'ல கே தே ப்ரூம்' (பனிமூட்டத் துறை) அந்த வகை. பட்டாளத்தைவிட்டு ஓடிவந்த ஒருவன், ல ஆவ்ர் துறைமுகம், எங்கேயாவது போய்விட ஒரு கப்பல். அந்த ஓடுகாலியாக நடித்த ழான் கபேனின் முகத்தை மறக்காதீர்கள், அடுத்த பதிலில் திரும்ப வருவார்.

கேள்வி: அண்ணா, ஒரு சந்தேகம். 'தூஷே பா ஓ க்ரிஸ்பி' பார்த்தேன். தங்கக்கட்டிக் கொள்ளை என்று சொன்னார்கள். கொள்ளையையே காட்டவில்லை! இரண்டு பேர் உட்கார்ந்து ரஸ்க் சாப்பிடுகிறார்கள். இதில் என்ன இருக்கிறது?

பதில்: தம்பி, அந்த ரஸ்க்கில்தான் எல்லாம் இருக்கிறது.

ழாக் பெக்கேர் 1954-இல் எடுத்த படம். தலைப்புக்கு 'பணத்தில் கை வைக்காதே' என்று பொருள், 'க்ரிஸ்பி' பாரிஸ் ரவுடிகளின் பேச்சில் பணம். ஓர்லி விமான நிலையத்தில் தங்கம் போய்விட்டது. போன பிறகுதான் படமே தொடங்குகிறது. மாக்ஸ் (கபேன்), ரீத்தோன் இருவரும் பழைய கூட்டாளிகள். ரீத்தோன் தன் இளம் காதலியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டான், இப்போது இன்னொரு கும்பல் பின்னால் வருகிறது. மாக்ஸ் அவனை யாருக்கும் தெரியாத தன் இரண்டாவது வீட்டுக்கு அழைத்துப் போகிறான்.

வேறு படமாக இருந்தால் அங்கே ஒரு சண்டை வந்திருக்கும். இங்கே மாக்ஸ் அலமாரியைத் திறந்து வைன் எடுக்கிறான், ரஸ்க் எடுக்கிறான், மேலே இறைச்சி விழுதைத் தடவித் தருகிறான். நீ செய்தது முட்டாள்தனம் என்று குரலை உயர்த்தாமல் சொல்கிறான். பிறகு நண்பனுக்குப் பைஜாமா, படுக்க விரிப்பு. இருவரும் பல் துலக்குகிறார்கள். தனியாக நிற்கும்போது ரீத்தோன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். கண்ணுக்குக் கீழே தொங்கும் தோலைப் பார்க்கிறான். அவனுக்கு வயதாகிவிட்டது, அந்தப் பெண் ஏன் தன்னோடு இருந்தாள் என்று அப்போதுதான் உறைக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பிரெஞ்சு நுவார் எனக்குப் பிடித்ததற்கான காரணம் அந்த அறையில் இருக்கிறது. அதன் விஷயம் களவு அல்ல, களைப்பு. ஓடி ஓடிச் சலித்தவன், வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று நினைக்கிறவன், இன்னும் ஒரே ஒரு நாள் ஓடவேண்டியிருக்கிறது. அவனை ஓட வைப்பது ஆசைகூட இல்லை, நட்பு. படத்தில் பின்னால் மாக்ஸ் தொலைபேசியில் எண் சுழற்ற மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வான். ஊரே பயப்படும் ரவுடிக்கு வெள்ளெழுத்து! அந்த ஒரு செய்கைக்காகவே இதை ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 'ல சமுராய்' இருபது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். யாரும் பேசவே மாட்டேன் என்கிறார்கள். பொறுத்துக்கொண்டு பார்க்கணுமா?

பதில்: பொறுத்துக்கொள்ள வேண்டாம். கையைப் பாருங்கள், போதும்.

ழான் பியேர் மெல்வில், 1967. முதல் பத்து நிமிடத்துக்குப் பேச்சே கிடையாது. சாம்பல் நிற அறை, கூண்டில் ஒரு பறவை, கட்டிலில் படுத்தபடி புகைக்கும் அலென் தெலோன். எழுந்து, மழைக்கோட்டு மாட்டி, தொப்பி விளிம்பை விரலால் நீவிவிட்டு வெளியே போகிறான். தெருவில் நிற்கும் ஒரு சித்ரோயன் காரில் ஏறுகிறான். அவனுடைய கார் இல்லை. பெரிய வளையத்தில் கோத்த சாவிக்கொத்தைப் பக்கத்து இருக்கையில் வைக்கிறான். ஒரு சாவி போட்டுப் பார்க்கிறான், சேரவில்லை. அதைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்தது. கண் மட்டும் முன்னால், மழை வழியும் கண்ணாடியில். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை, ஒவ்வொரு சாவியாக. பிடிபடலாம் என்ற பயம் நமக்குத்தான் வருகிறது, அவனுக்கு இல்லை. ஒரு கொல்லன், ஒரு தையல்காரர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நேரம் போவது தெரியாதே, அதே ஈர்ப்பு. தொழில் தெரிந்தவனின் கை.

பேச்சு இல்லாததால்தான் அவனுடைய தனிமை நமக்குத் தெரிகிறது. படத் தொடக்கத்தில் சாமுராயின் தனிமை பற்றி ஒரு மேற்கோள் வரும், புஷிதோ (சாமுராய்களின் நெறி) நூலிலிருந்து என்று போட்டிருக்கும். அதை எழுதியவர் மெல்வில்தான். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கேள்வி: கலரில் இருந்தால் அதை நுவார் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். 'ல சமுராய்' கலர்ப் படம்தான், ஆனால் அதில் சிவப்பையோ மஞ்சளையோ நினைவு வைத்திருப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்காயே கலரிலேயே சாம்பல் பூசிவிட்டார்.

கேள்வி: வணக்கம் ஐயா. அமெரிக்க நுவாருக்கும் இதற்கும் அடிப்படை வித்தியாசம் என்ன? ஏன் இந்தப் படங்களில் எப்போதும் ஒருவன் காட்டிக்கொடுக்கிறான்?

பதில்: நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விதான் ஐயா முதல் கேள்விக்குப் பதில்.

அமெரிக்கப் படங்களில் பெரும்பாலும் ஒருவன் ஆசையால் கெடுவான், பணத்தாசை, பெண்ணாசை. அல்லது ஒரு தனியார் துப்பறிவாளர் ஊரின் அழுக்கைக் கிளறுவார். பிரெஞ்சுப் படத்தில் துப்பறிவாளர் அரிது. அங்கே அச்சமெல்லாம் ஒரே கேள்வியில்: யார் வாயைத் திறப்பான்? மெல்வில் 1962-இல் எடுத்த 'ல டூலோஸ்' படத்தின் தலைப்பே அதுதான். கொச்சையில் 'டூலோஸ்' என்றால் தொப்பி, போலீசுக்குத் துப்புக் கொடுப்பவனுக்கும் அதே பெயர்.

இது எங்கிருந்து வந்தது? நான்கு ஆண்டு ஆக்கிரமிப்பை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிப்போட்ட ஒரு மொட்டைக் கடிதத்தால் ஆள் காணாமல் போன காலம். மொட்டைக் கடிதங்களால் ஒரு சிற்றூரே நாறிப்போவதை இயக்குநர் க்ளூஸோ 1943-இல், ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 'ல கோர்போ' (அண்டங்காக்கை) என்று எடுத்தார். அதைத் தயாரித்தது ஜெர்மானியர் நடத்திய கோந்தினாந்தால் நிறுவனம். விடுதலைக்குப் பின் அதற்காக அவரைப் படம் எடுக்கவிடாமல் தடுத்தார்கள், 1947 வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மெல்வில் எதிர்த்தரப்பில் இருந்தவர். இயற்பெயர் க்ரூம்பாக், யூதக் குடும்பம். தலைமறைவுப் போராளியாக இருந்தபோது அமெரிக்க நாவலாசிரியர் ஒருவரின் பெயரை வைத்துக்கொண்டார், பிறகு அதையே வைத்திருந்தார். அவர் 1969-இல் எடுத்த 'லார்மே தேஸோம்ப்ர்' (நிழல்களின் படை) போராளிகளைப் பற்றியது, ரவுடிகளைப் பற்றியது அல்ல. ஆனால் அதே தொப்பி, அதே கோட்டு, அதே இருட்டு, அதே கேள்வி. தொடக்கத்தில் ஒரு காட்சி. தங்களைக் காட்டிக்கொடுத்த ஒரு இளைஞனை மூன்று பேர் ஒரு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். சுட வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், சுவர் வழியாகச் சத்தம் கேட்கும். கத்தியும் இல்லை. மூன்று பேரும் இதுவரை யாரையும் கொன்றதில்லை. கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு துவாலை வருகிறது. அந்த இளைஞன் முகத்தில் வழியும் கண்ணீரை மெல்வில் கிட்டே வைத்துக் காட்டுகிறார்.

இதைப் பார்த்த பிறகு மெல்விலின் ரவுடிப் படங்கள் வேறு மாதிரி தெரியும். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது அவருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

கேள்வி: 'ரிஃபிஃபி' படத்தில் அரை மணி நேரம் வசனமே இல்லாத கொள்ளை என்கிறார்களே, உண்மையா? இசைகூட இல்லையா?

பதில்: உண்மை. ஏறக்குறைய அரை மணி நேரம், வசனமும் இல்லை இசையும் இல்லை. 1955, ஜூல்ஸ் தாசின். இசையமைப்பாளர் ஜோர்ஜ் ஓரிக் அந்தக் காட்சிக்கு இசை எழுதியே வைத்திருந்தார். இசையோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் போட்டுக் காட்டியபின் இசை வேண்டாம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

நகைக்கடைக்கு மேல் வீட்டில் நுழைந்து தரையைக் குடைகிறார்கள். கை நுழையுமளவு ஓட்டை விழுந்ததும் அதன் வழியே மடக்கிய குடை ஒன்றை இறக்கி, கீழே தொங்கவிட்டு விரிக்கிறார்கள். இனி உடைகிற காரை எல்லாம் குடைக்குள் விழும், கடைத் தரையில் விழாது. விழுந்தால் அபாய மணி அடித்துவிடும். அந்தக் குடை விரியும்போது திரையரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்ததைக் கேட்டிருக்கிறேன். நாமும் திருடர்களோடு சேர்ந்து சத்தம் போடாமல் இருக்கிறோம்!

தாசின் அமெரிக்கர். இடதுசாரி என்று கறுப்புப் பட்டியலில் போட்டு ஹாலிவுட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் பெயரைச் சொன்னவர் சக இயக்குநர். வாய் திறப்பவன் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார்.

கேள்வி: இந்தப் படங்களில் பெண்கள் அடி வாங்குகிறார்கள், இல்லையென்றால் காட்டிக்கொடுக்கிறார்கள். ஒரு பெண்ணாக எனக்கு இதை ரசிக்க முடியவில்லை. நீங்கள் இதைக் கவனிப்பதே இல்லையா?

பதில்: கவனிக்கிறேன் அம்மா. நீங்கள் சொல்வது சரி, அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. மாக்ஸ் பெண்களைக் கை நீட்டி அறைகிறான். 'ரிஃபிஃபி'யில் நாயகன் பழைய காதலியைப் பெல்ட்டால் அடிக்கும் காட்சியை என்னால் இன்றும் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. ஆண்களின் நட்பை இவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண், பெண்கள் பக்கம் திரும்பும்போது சோம்பேறியாகிவிடுகிறது. இந்த வகைப் படங்களின் பெரிய குறை அது.

ஆனால் இரண்டு படங்களை உங்களுக்காகச் சொல்கிறேன். க்ளூஸோவின் 'கே தேஸோர்ஃபெவ்ர்' (1947). அதில் தோரா என்ற பெண் புகைப்படக் கலைஞர் வருகிறார். தன் தோழியான பாடகியை அவர் மனதுக்குள் நேசிக்கிறார், சொல்வதில்லை. வழக்கு விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் அதைப் புரிந்துகொண்டு, நீங்களும் என்னைப் போலத்தான், பெண்கள் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டமே இருக்காது என்கிறார். கேலி இல்லை, கனிவு. 1947-இல்!

இன்னொன்று லூயி மாலின் 'தூக்குமேடைக்கு லிஃப்ட்' (1958). காதலன் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டது தெரியாமல் ழான் மோரோ இரவு முழுக்கப் பாரிசின் ஷாம்ஸ் எலிசே வீதியில் அவனைத் தேடி நடக்கிறார். கேமராவைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே எடுத்தார் தெக்காயே. தனி விளக்கு இல்லை, கடைக் கண்ணாடிகளிலிருந்து வரும் வெளிச்சம் மட்டும். ஒப்பனை இல்லாத அந்த முகத்தைப் பார்த்து, நடிகையின் அழகைக் கெடுக்கிறார்கள் என்று பிலிம் கழுவியவர்கள் தயாரிப்பாளரிடம் போனார்கள். மோரோ முகத்தில் சந்தேகமும் ஆசையும் மாறி மாறி வருவதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அந்தப் படத்தின் ட்ரம்பெட் இசை ஒரே இரவில் வாசித்ததாமே?

பதில்: ஆமாம். 1957 டிசம்பர் 4 இரவு, பாரிஸ் ஸ்டுடியோ ஒன்றில் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டவிட்டு ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் இன்னும் நான்கு பேரும் வாசித்தார்கள். முழுதாக எழுதிவைத்த இசை கிடையாது. மோரோ நடக்கும் வேகத்துக்கு அது வாசிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: 'ரிஃபிஃபி'. அடுத்து பெக்கேரின் 'ல த்ரூ' (துளை, 1960), சிறையில் ஐந்து பேர் தரையைத் தோண்டும் படம். 1947-இல் பாரிசின் சாந்தே சிறையில் நடந்த தப்பும் முயற்சி அது. அதில் உண்மையிலேயே இருந்த ஒருவரே படத்திலும் நடித்திருக்கிறார். காங்கிரீட்டை இரும்பால் இடிப்பதை வெட்டே இல்லாமல் பல நிமிடம் காட்டுவார்கள், உங்கள் தோள் வலிக்கும். மெல்விலுக்கு அதற்குப் பிறகு வாருங்கள்.

கேள்வி: ஐயா, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். நம் வயதில் நீங்கள் திரும்பத் திரும்பப் போகிற காட்சி எது?

பதில்: மெல்விலின் 'ல செர்க்ல் ரூஷ்' (சிவப்பு வட்டம், 1970). எல்லோரும் அதன் நகைக்கடைக் கொள்ளையைச் சொல்வார்கள். எனக்கு அதில் வரும் போலீஸ் அதிகாரி மத்தேய். நடித்தவர் பூர்வில், பிரான்சையே சிரிக்க வைத்த நகைச்சுவை நடிகர். புற்றுநோயோடு நடித்தார். 1970 செப்டம்பரில் காலமானார், படம் அக்டோபரில்தான் வந்தது. எழுத்துப் பட்டியலில் எப்போதும் வெறும் 'பூர்வில்' என்று வருபவர், இதில் மட்டும் முழுப் பெயராக ஆந்த்ரே பூர்வில்.

மத்தேய் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். விளக்கைப் போடுகிறார். மூன்று பூனைகள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறார், குளிக்கத் தண்ணீர் திறந்துவிடுகிறார், பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறார். கதைக்கு இது தேவையே இல்லை. படத்தில் பின்னால் அவர் மறுபடி வீட்டுக்கு வருவார், அதே கதவு, அதே விளக்கு, அதே பூனைகள், ஏறக்குறைய அதே காட்சி. முதல் முறை பார்த்தபோது தவறுதலாகத் திரும்ப ஓடுகிறதோ என்று நினைத்தேன். இப்போது அந்த இரண்டாவது முறைக்காகத்தான் காத்திருக்கிறேன்.