ஐயாவின் பழைய பிக்கப்புக்கு டர்போ வைத்து எஞ்சின் கட்டலாமா?

காரைக்குடியில் ஐயா ஓட்டிய டீசல் பிக்கப்பை விற்க மனமில்லை, டர்போ வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவிதான் டர்போ. தாராளமாக வைக்கலாம். ஆனால் டர்போவைக் கடைசியில் வாங்குங்கள்.

முதலில் எஞ்சினைப் பிரித்துப் பாருங்கள். போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்த எஞ்சினில் காற்றை அழுத்தித் திணித்தால் சீக்கிரம் படுத்துவிடும். அந்தச் சுவரைக் கடைந்து (போரிங்) புது பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட் போடுங்கள். பழைய டீசல்களில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் விகிதம்) ஏற்கெனவே அதிகம், பலவற்றில் 20-க்கு 1-ஐத் தாண்டும். அதனால் அரை பார், அதாவது 7 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) போதும். பம்பில் டீசலைக் கூட்டும்போதுதான் ஆபத்து: புகைச்சூடு ஏறி பிஸ்டன் தலையே உருகும். டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வையுங்கள். 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், ஆயில் படலத்தில் மிதந்தபடி சுழல்கிறது. ஆயில் திரும்பும் குழாய் நேராகச் சரிந்து இறங்க வேண்டும். எங்கள் வண்டியில் ஒரு சின்ன வளைவுக்கே நீலப் புகை வந்தது.

அப்புறம் நம் செம்மண் தூசி. ஏர் ஃபில்டருக்கு அடுத்த ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். சிவப்புப் பொடி ஒட்டினால் கிளாம்ப் லூஸ். அந்தப் பொடி டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் இறக்கைகளின் விளிம்பை அரித்துவிடும்.

வேலைக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எஞ்சினையே மாற்றினால் அனுமதி கட்டாயம். நான் பழைய பிளாக்கையே (எஞ்சினின் அடி உடலையே) வைத்துக் கட்டச் சொல்வேன். எஞ்சின் எண்ணும் மாறாது, ஐயா ஓட்டிய எஞ்சினும் அதேதான்.