ஃபாதருக்கு எப்போ கேபிடல் எஃப்? இன், ஆன், அட் குழப்பம் தீர என்ன வழி?

கேட்டது: இங்கிலீஷ்ல ஃபாதர், மாம், அங்கிள் மாதிரி உறவு வார்த்தைகளுக்கு எப்ப கேபிடல் லெட்டர் போடணும், எப்ப போடக்கூடாது? அப்படியே இன், ஆன், அட், டு இதெல்லாம் தப்பில்லாம போட வழி சொல்லுங்க.

வெளிநாட்டு காலேஜுக்கு அப்ளை பண்ற பசங்களோட லெட்டர், வீட்டுல குடுக்குற ஸ்பான்சர் லெட்டர் இதெல்லாம் திருத்திக் குடுக்கறதுதான் என் வேலை, அதனால இந்த ரெண்டையும் தினமும் பாக்கறேன். நல்லா படிக்கிற பசங்கதான், டென்ஸ் எல்லாம் சுத்தமா இருக்கும், ஆனா "மை ஃபாதர்"னு வர்ற எடத்துல எல்லாம் எஃப் மட்டும் பெருசா நிக்கும்.

ஏன்னு கேட்டா "அப்பாவ எப்படி சார் ஸ்மால் லெட்டர்ல போடறது"ன்னு கேக்கறாங்க. எனக்கு அது புரியுது. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு ஒண்ணு கிடையாது, நமக்கு மரியாதை எல்லாம் "ங்க"லயும் "அவர்"லயும் வந்துடும். இங்கிலீஷ்ல அது இல்லையேன்னு நாம அந்த மரியாதையை கேபிடல்ல கொண்டுபோய் வச்சுட்டோம், கல்யாண பத்திரிகையிலயே பாருங்க. ஆனா இந்த மாதிரி வார்த்தைகள்ல இங்கிலீஷ் கேபிடலுக்கும் மரியாதைக்கும் சம்பந்தமே இல்ல, "இது பேரு" அப்படிங்கறத மட்டும்தான் அது சொல்லுது. இதுக்கு நல்ல சாட்சி "சார்"தான், அதவிட மரியாதையான வார்த்தை ஏது, ஆனா "யெஸ், சார்"னு வாக்கியத்துக்கு நடுவுல வந்தா எஸ் சின்னதுதான். லெட்டர் தலைப்புல "டியர் சார்"னு வர்றப்ப பெருசாகுதுன்னா அது லெட்டர் எழுதற வழக்கம், அவ்வளவுதான்.

அதனால உறவு வார்த்தை வந்தா ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாருங்க, அந்த எடத்துல அவங்க பேர வச்சுப் பாருங்க. "ஐ கால்ட் மாம் லாஸ்ட் நைட்", இதுல மாமுக்கு பதிலா செல்வின்னு போட்டா வாக்கியம் அப்படியே ஓடுது, அப்ப எம் கேபிடல். "ஐ கால்ட் மை மாம்", இதுல "மை செல்வி"ன்னு போட்டா ஒட்டல, அப்ப எம் ஸ்மால். மை, யுவர், ஹிஸ், ஹெர், அவர் (our), எ, த இதுல எது முன்னாடி வந்தாலும் பெரும்பாலும் ஸ்மால்தான். நேரா கூப்பிடறப்ப, "ஹாப்பி பர்த்டே, கிராண்ட்மா" மாதிரி, அது பேரோட வேலையை செய்யுது, அதனால ஜி கேபிடல், முன்னாடி ஒரு கமா. நெறைய பேர் கேபிடல் போட்டுட்டு அந்த கமாவை விட்டுடறாங்க.

பேரோட சேந்து வந்தா, "அங்கிள் செல்வம்", யு கேபிடல். ஆனா "மை அங்கிள் செல்வம்"னா? இங்கதான் சண்டை. சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல் மாதிரி புத்தகத்த பின்பற்றறவங்க அங்க அங்கிள் வெறும் உறவு, செல்வம்தான் பேரு, அதனால ஸ்மால்னு சொல்லுவாங்க. அந்த மனுஷன வீட்டுல கூப்பிடறதே "அங்கிள் செல்வம்"னுதான்னா மை-க்கு அப்புறமும் கேபிடல் போடற இங்கிலீஷ்காரங்க நெறைய பேர் உண்டு. என்னைக் கேட்டா ஆபீஸ் லெட்டர்ல ஸ்மால் போடுங்க, யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. சித்தப்பா, பெரியம்மான்னு நம்ம வார்த்தையவே இங்கிலீஷ் எழுத்துல எழுதினாலும் இதே சட்டம்தான், மை வந்தா ஸ்மால், தனியா பேர் மாதிரி வந்தா கேபிடல். மதர்-இன்-லாவும் மை-க்கு அப்புறம் மூணு துண்டும் ஸ்மால். கசினுக்கு பக்கத்துல பிரதர் போட வேண்டாம், கசின் மட்டும் போதும்.

இப்ப ப்ரிபொசிஷன். ரூம்ல, டேபிள்ல, ஸ்டேஷன்ல, பஸ்ல, மே மாசத்துல, எல்லாத்துக்கும் நம்மகிட்ட ஒரே "ல"தான், இங்கிலீஷ்ல அதுவே இன், ஆன், அட்னு பிரியுது. தமிழ்ல வசதி இல்லன்னு நெனைக்காதீங்க, நன்னூல்ல ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் கண், கடை, மேல், கீழ்னு 28 உருபு இருக்கு, பேச்சுல நாம பெரும்பாலும் "ல"வ வச்சே ஓட்டிடறோம். சிக்கல் எங்க வருதுன்னா தமிழ் உருபை அப்படியே இங்கிலீஷ்க்கு மாத்தறப்பதான். "என் மேல கோவம்" வந்து "ஆங்க்ரி ஆன் மீ" ஆகுது, சரியானது வித். "அவரோட கல்யாணம்" வந்து "மேரீட் வித்" ஆகுது, சரியானது டு. "நாய்க்கு பயம்" வந்து "அஃப்ரெய்ட் ஃபார் டாக்ஸ்" ஆகுது, அப்படி எழுதினா நாய்களுக்கு என்ன ஆகுமோன்னு நீங்க கவலப்படறதா அர்த்தம், வேண்டியது ஆஃப். அதனால அர்த்தத்த வச்சு யோசிக்காம முன்னாடி இருக்கற வார்த்தையோட ஜோடியாவே மனசுல ஏத்திக்கணும், குட் அட், டிபெண்ட் ஆன், இன்ட்ரஸ்டட் இன்னு. நல்ல லேர்னர்ஸ் டிக்ஷனரி எதுலயும் அந்த வார்த்தைய தேடினா கூட எந்த ப்ரிபொசிஷன் வரும்னு போட்டிருப்பாங்க, ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் நெட்ல சும்மாவே கிடைக்குது.

அடுத்தது, ப்ரிபொசிஷனே வேண்டாத எடத்துல போடறது. இது கத்துக்க ரொம்ப சுகமான விஷயம், ஏன்னா இதுல ஒரு ஒழுங்கு இருக்கு. வினையா வர்றப்ப எதுவும் கேக்காத வார்த்தை பல, அதே பெயர்ச்சொல்லா வர்றப்ப மட்டும் கேக்கும். டிஸ்கஷன் அபவுட் த ஃபீஸ் சரி, டிஸ்கஸ் அபவுட் தப்பு. எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ் சரி, ரிக்வெஸ்டட் ஃபார் லீவ் தப்பு. ஆர்டர், எம்ஃபசைஸ் இதெல்லாம் இதே ஜாதி. ஹோட்டல்ல "ஆர்டர்ட் ஃபார் எ தோசா"ன்னு வர்றதும் இதனாலதான்.

போன வாரம் ஒரு பையன் கொண்டுவந்த வாக்கியத்த அப்படியே சொல்றேன்: "ஐ டிஸ்கஸ்ட் அபவுட் திஸ் கோர்ஸ் வித் மை ஃபாதர், ஹூ இஸ் ஒர்க்கிங் இன் எ பேங்க் சின்ஸ் 20 இயர்ஸ், அண்ட் அங்கிள் இஸ் ஆல்சோ சப்போர்ட்டிங் டு மீ." எஃப்பும் யு-வும் ரெண்டுமே பெருசு. அபவுட் போகணும். எஃப் சின்னதாகணும், மை இருக்கு. இன் எ பேங்க் தப்பில்ல, வேலை பாக்கற எடத்த சொல்றப்ப அட் இன்னும் இயல்பா இருக்கும். சின்ஸ் ஆரம்பிச்ச நாளுக்கு, 20 வருஷம்ங்கறது நீளம், அதுக்கு ஃபார், அப்ப வினையும் ஹேஸ் பீன் ஒர்க்கிங்னு மாறணும். அங்கிள்னு தனியா பேர் மாதிரி வந்திருக்கறதால கேபிடல் இலக்கணப்படி சரிதான், ஆனா படிக்கிற ஆபீசருக்கு அது யார்னு தெரியாது, அதனால "மை அங்கிள்"னு போட்டு யு-வ சின்னதாக்கினோம். சப்போர்ட்டுக்கு பின்னாடி டு வேண்டாம்.

நேரத்துக்கு வருஷம் மாசம்னா இன், கிழமை தேதின்னா ஆன், மணின்னா அட். காலைலன்னா இன் த மார்னிங், ஆனா திங்கக்கிழமை காலைலன்னு கிழமை ஒட்டிக்கிட்டா ஆன் ஆயிடும். வண்டிக்கு, எழுந்து நடக்க முடியற வண்டின்னா ஆன், பஸ், ட்ரெயின், பிளேன், உக்கார மட்டும் முடியும்னா இன், கார், ஆட்டோ. வெள்ளிக்குள்ள பை, வெள்ளி வரைக்கும் அன்டில், இத மாத்திப் போட்டா பணம் கட்டற தேதியே கொழம்பிடும், லெட்டர்ல நான் முதல்ல பாக்கறது இதத்தான்.

வாக்கியத்த ப்ரிபொசிஷன்ல முடிக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லியிருப்பாங்க, அத விட்டுடுங்க. 1672-ல ஜான் டிரைடன் இன்னொரு கவிஞரோட வரியில அத ஒரு குறையா சொன்னார், பின்னாடி வந்தவங்க அத சட்டம் மாதிரி ஆக்கிட்டாங்க. "வாட் ஆர் யூ லுக்கிங் அட்?"ங்கறத வேற எப்படி கேப்பீங்க?

யு.கே.வுக்கு எழுதறீங்கன்னா அட் த வீக்கெண்ட், இன் ஹாஸ்பிடல், மம்னு யு போட்டு எழுதுங்க. அமெரிக்காவுக்குன்னா ஆன் த வீக்கெண்ட், இன் த ஹாஸ்பிடல், மாம்னு ஓ போட்டு. ரெண்டும் சரிதான், ஒரே லெட்டர்ல ரெண்டையும் கலக்காதீங்க. வேற ஏதாவது வாக்கியத்துல சந்தேகம்னா கமெண்ட்ல முழு வாக்கியத்தையும் போடுங்க, துண்டு வார்த்தைய மட்டும் வச்சு எதையும் சொல்ல முடியாது.