திட்டவிலக்கமும் பகடையும்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் புள்ளியியல், நிகழ்தகவுச் சூத்திரங்கள் மனப்பாடம், ஆயினும் விடை தவறுகிறது. எப்படிப் பயிற்சி தரலாம்?

பதில்: படிப்படியாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 2, 4, 6, 8, 10 ஆகியவற்றின் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) காண, சராசரியான 6-லிருந்து விலக்கங்களை எழுதி, அவற்றின் கூடுதல் பூச்சியம்தானா என்று சரிபார்த்த பிறகே வர்க்கப்படுத்த வேண்டும். வர்க்கங்களின் கூடுதல் 40, அதை 5-ஆல் வகுத்தால் 8, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.83. அவசரத்தில் 8-லேயே நின்றுவிடும் மாணவர்கள் உண்டு.

இரு பகடைகளில் ஒரே எண் விழவோ கூடுதல் 4 ஆகவோ நிகழ்தகவு கேட்டால், 36 விளைவுகளையும் கட்டம் போட்டு எழுதட்டும். முதலாவதற்கு 6, அடுத்ததற்கு 3. இரண்டிலும் இடம்பெறும் (2, 2)-ஐ ஒருமுறை கழித்தால் 8 என்பதால், விடை 8/36, அதாவது 2/9.