அப்பா உயில் எழுதாமல் போனால் வீடு யாருக்கு?

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, கல்யாணத்தில் நகை போட்டாயிற்று, அதனால் உனக்குப் பங்கில்லை என்கிறார் அண்ணன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது தவறு. நகை போட்டதால் மகளின் வாரிசுரிமை போய்விடாது.

இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாயார் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது மற்ற உறவினர்களுக்கு முன்பாகச் சொத்தைச் சமமாகப் பெறுபவர்கள். உங்கள் பாட்டி உயிரோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பலரும் மறந்துவிடுவது அவரைத்தான். ஆக அம்மா, பாட்டி, அண்ணன், நீங்கள், ஆளுக்குக் கால் பங்கு. பாட்டியும் உயில் இல்லாமல் காலமானால் அவருடைய கால் பங்கில் அத்தைக்குப் பாதி. மீதிப் பாதி அப்பாவின் இடத்தில் நிற்கும் உங்களுக்கும் அண்ணனுக்கும். தாத்தா இல்லை, அத்தை ஒருவர்தான் என்பதால் இந்தக் கணக்கு.

அப்பாவின் உயில் என்று அண்ணன் காட்டும் வெள்ளைத்தாளில் அப்பாவின் கையெழுத்து மட்டும் இருக்கிறது என்றால் அது உயிலாகாது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, சாட்சிகள் கட்டாயம். வங்கிக் கணக்கில் அண்ணன் நாமினி என்பதும் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான். உரிமை வாரிசுகள் அனைவருக்கும் உண்டு.

முதலில் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், பாட்டியின் பெயர் விடுபடாமல். 'சும்மா ஒரு கையெழுத்து' என்று யாராவது பத்திரம் நீட்டினால், தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) என்றிருக்கிறதா என்று பாருங்கள். அதில் கையெழுத்திட்டுப் பதிவும் செய்துவிட்டால் பங்கை மீட்பது மிகக் கடினம்.