கேன் தண்ணீரும் பழுப்பு நிற வித்தையும்

கேள்வி: டாக்டர், நாங்கள் மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆறு வருடமாகக் குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் 20 லிட்டர் கேன்தான். போன வாரம் ஃபில்டர் விற்க வந்த ஒருவர் எங்கள் மெட்ரோ வாட்டரில் ஏதோ கருவியை விட்டதும் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. கேன் தண்ணீர் அப்படியே இருந்தது. ஆனால் என் மாமியார், கேன் தண்ணீரில் சத்தே கிடையாது, தன் முட்டி வலிக்கு அதுதான் காரணம் என்கிறார். பாட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது. எதைத்தான் குடிப்பது?

பதில்: முதலில் அந்தப் பழுப்பு வித்தையை முடித்துவிடலாம், ஏனென்றால் இதைப் பார்த்துப் பயந்து வருகிறவர்கள் மாதம் இரண்டு பேராவது என் கிளினிக்குக்கு வருகிறார்கள். அந்தக் கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் கம்பியிலுள்ள இரும்பு கரைந்து துருவாகும், நீங்கள் பார்த்த பழுப்பு அந்தத் துருதான். கேன் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, அதனால் தெளிவாக இருந்தது. அடுத்த முறை அவர் வந்தால் கேன் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு அதே வித்தையைக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும், ஆளும் கிளம்பிவிடுவார்.

டி.டி.எஸ். மீட்டரைக் காட்டிப் பயமுறுத்துவதும் இதே கதைதான். அது கரைந்திருக்கும் உப்பை மட்டும் அளக்கும், கிருமியை அளக்காது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். 400 காட்டும் தண்ணீர் சுத்தமாக இருக்கலாம், 30 காட்டும் தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமி நீந்திக்கொண்டிருக்கலாம்.

சரி, மாமியார் சொல்வது? பாதி சரி. கேனில் வருவது பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டிய தண்ணீர், அதில் கால்சியமும் மெக்னீசியமும் வடிகட்டப்பட்டுவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: லிட்டருக்கு 60 மில்லிகிராம் கால்சியம் உள்ள குழாய்த் தண்ணீரை ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 120 மில்லிகிராம் கிடைக்கும். பெரியவர்களுக்குத் தினம் தேவை சுமார் 1,000. ஒரு டம்ளர் பாலிலேயே 200க்கு மேல் இருக்கிறது, கேழ்வரகில் 100 கிராமுக்கு 300க்கு மேல். பாலும் கேழ்வரகும் கீரையும் சாப்பிடுகிறவருக்குத் தண்ணீரில் போன கால்சியம் பெரிய இழப்பு இல்லை. அவர் வயதில் முட்டி வலி என்றால் பெரும்பாலும் மூட்டின் குருத்தெலும்புத் தேய்மானம்தான். கேன்மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் முட்டி சரியாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊர்கள் உண்டு, பற்களில் கறையும் எலும்பில் பாதிப்பும் வந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அங்கே கொண்டுவரப்பட்டது. ஃபுளோரைடு கொதிக்கவைத்தால் போகாது, ஆர்.ஓ.வில் போகும். அதே மாதிரி வெள்ளக் காலத்தில் சாக்கடை குழாயில் கலக்கும்போது, நல்ல கம்பெனியின் சீல் வைத்த கேன் உயிர் காக்கும்.

என்னுடைய கவலை கேன் கம்பெனியை விட்டு வெளியே வந்த பிறகுதான். மெட்ரோ வாட்டரில் குளோரின் வாசனை என்று எல்லோரும் மூக்கைப் பிடிக்கிறோம், ஆனால் உங்கள் வீட்டுக் குடம் வரை கூட வந்து கிருமியைத் தடுப்பது அந்தக் குளோரின்தான். கேன் தண்ணீரை ஓசோனும் புற ஊதாக்கதிரும் வைத்துச் சுத்தம் செய்கிறார்கள், அது அந்த நேரத்துக்கு நன்றாக வேலை செய்யும், மூடியைத் திறந்த பிறகு காவலுக்கு எதுவும் இருக்காது. அந்தக் கேன் மே மாத வெயிலில் குட்டியானை வண்டியில் அரைநாள் நின்று, கடை வாசலில் இன்னொரு அரைநாள் நின்று, பிறகு மாதக்கணக்கில் கழுவாத டிஸ்பென்சரின் மேல் கவிழ்க்கப்படுகிறது. நான் உபதேசம் செய்யும் ஆள்தான், ஆனால் ஒரு நாள் என் கிளினிக் டிஸ்பென்சரின் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சையாக வழவழவென்று பாசி! இரண்டு வருடமாக நோயாளிகளுக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறேன். இப்போது வாரம் ஒரு முறை வெந்நீரிலும் பிரஷ்ஷிலும் நானே கழுவுகிறேன். நீங்களும் கழுவுங்கள், கேனைக் கவிழ்க்கும் முன் அதன் வாய்ப் பகுதியையும் துடையுங்கள்.

அப்புறம் பிளாஸ்டிக். வாட்ஸ்அப்பில் வருவது இந்த முறை முழுப் புரளி இல்லை. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் விற்கும் மூன்று பிராண்டு பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன, அதில் பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவு, அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள். இவை உடம்பில் என்ன செய்யும் என்பது இன்னும் உறுதியாகவில்லை, அதனால் பாட்டில் குடித்தால் புற்றுநோய் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் குறைத்துக்கொள்ள முடிகிற ஒன்றைக் குறைத்துக்கொள்வதில் நஷ்டம் என்ன? பிஸ்பினால் ஏ என்று சிலவகைப் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும், ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய ஒரு வேதிப்பொருள் உண்டு, ஒரு லிட்டர் பாட்டிலில் அது கிடையாது. கெட்டியான, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் கேனில் அது உண்டு, சூடு பட்டால் கூடுதலாகத் தண்ணீரில் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொருள்கள் படும் கலன்களில் அதைத் தடை செய்ய 2024 டிசம்பரில் முடிவெடுத்தது. கீறல் விழுந்த, மஞ்சளித்த கேன் வந்தால் கூச்சப்படாமல் திருப்பி அனுப்புங்கள். பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் போட்டுவைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இதுதான்: மெட்ரோ வாட்டர் ஒழுங்காக வந்தால் அதையே குடிக்கலாம், நன்றாகத் தளதளவெனக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டு, இறக்கி, மூடி, மண்பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ ஊற்றிவையுங்கள். சமையலுக்குக் கேன் வீண் செலவு. குழாய்த் தண்ணீர் கலங்கியோ நாற்றமடித்தோ வரும் நாட்களில் கேன் வாங்குங்கள், ஐ.எஸ். 14543 என்ற, அடைத்து விற்கும் குடிநீருக்கான இந்தியத் தர எண்ணும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணும் தேதியும் சீலும் இருக்கிறதா என்று பார்த்து. வீட்டில் போர்வெல் தண்ணீர்தான் என்றால் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒரு முறை பரிசோதியுங்கள். வெளியே போகும்போது வீட்டிலிருந்தே ஒரு ஸ்டீல் பாட்டில். வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தையோ, கீமோ எடுக்கிறவரோ இருந்தால் கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும், சீல் இருப்பதால் அது கிருமியே இல்லாத தண்ணீர் ஆகிவிடாது.

மாமியாரை ஒரு முறை எலும்பு டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். முட்டி வீங்கியிருந்தாலோ, காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தாலோ, இந்த வாரமே.