ஏசியைப் பிரித்த பையனுக்கு எந்தப் பள்ளி?

வர்ஜீனியா மாநிலம், லவுடன் கவுன்ட்டி, ஆஷ்பர்னிலிருந்து ஒரு தம்பதி போன வாரம் என்னிடம் யோசனை கேட்டுப் பேசினார்கள். பையன் பத்தாவது படிக்கிறான். எட்டாவதில் விண்ணப்பித்து, போட்டி போட்டு இடம் பிடிக்க வேண்டிய தாமஸ் ஜெஃபர்சன் என்ற அரசு அறிவியல் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. நியூ ஜெர்சி அத்தை வேறு, "அரசுப் பள்ளியிலேயே விட்டா பையன் வீணாப் போயிடுவான்" என்று வாராவாரம் ஓதுகிறார். எந்தத் தனியார் பள்ளியில் சேர்க்கலாம் என்பதுதான் அப்பாவின் கேள்வி.

கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். அப்புறம் பையனிடம், லீவு நாளில் என்னப்பா செய்வாய் என்று கேட்டேன். "வெளியே இருக்கிற ஏசி யூனிட்ல கெப்பாசிட்டர் போயிடுச்சு அங்கிள், நானே மாத்தினேன்" என்றான். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். (அதில் நியாயம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.) எனக்கு விடை கிடைத்துவிட்டது.

லீஸ்பர்க்கில் 'அகாடமீஸ் ஆஃப் லவுடன்' என்ற கவுன்ட்டி பள்ளி வளாகம் 2018இல் திறந்தது. நம்மவர்கள் அங்கே இருக்கும் அறிவியல், பொறியியல் அகாடமிகளுக்குத்தான் முட்டி மோதுகிறார்கள். அதே வளாகத்திலேயே தொழில் கற்றுத்தரும் மன்ரோ தொழில்நுட்ப அகாடமி இருக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கே, மற்ற நாள் சொந்தப் பள்ளியில். கணக்கையும் இயற்பியலையும் விட வேண்டியதில்லை. வெல்டிங், கார் பழுது, செவிலியர் பயிற்சி, கால்நடை அறிவியல் எல்லாம் உண்டு. இவனுக்கு ஏற்றது ஹெச்விஏசி, அதாவது ஏசி, ஹீட்டர் வேலை. செம்புக் குழாயைப் பற்றவைக்கவும் வயரிங் படத்தைப் படித்துக் கோளாறு பிடிக்கவும் முறையாகப் பழகலாம். குளிரூட்டும் வாயுவைக் கையாள அமெரிக்கச் சட்டப்படி இபிஏ (சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) 608 சான்றிதழ் கட்டாயம். அதற்கும் அடித்தளம் இதுதான்.

"பையன் ஏசி மெக்கானிக்கா?" என்றார் அப்பா.

சார், உங்கள் வீட்டைச் சுற்றி ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றனவே, அவை டேட்டா சென்டர்கள், இணையத்தை ஓட்டும் கணினிகள் நிறைந்த கட்டடங்கள். உலகத்திலேயே அவை அதிகமாகக் குவிந்திருக்கும் இடம் உங்கள் ஊர். ராப்பகலாக அவற்றைக் குளிரவைக்க ஆள் வேண்டும். அவை கட்டும் வரியில்தான் உங்கள் கவுன்ட்டி பள்ளிகளுக்கும் கணிசமான பணம் வருகிறது. பையன் பொறியியலே படிக்க ஆசைப்பட்டால் நோவா என்கிற வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படிக்கட்டும். குறித்த மதிப்பெண் எடுத்தால் ஜார்ஜ் மேசன், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகங்களுக்கு மாற ஒப்பந்தமே இருக்கிறது. மெக்கானிக்காகவே நின்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கல்லூரிக்கென்று 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் சேர்த்த பணத்தை எடுத்து, வருஷம் நாற்பது ஐம்பதாயிரம் டாலர் என்று தனியார் பள்ளிக்குக் கட்டும் யோசனையை மட்டும் இன்றோடு விடுங்கள். அதற்கு நான் உதவ மாட்டேன்.

விண்ணப்பக் கெடு எப்போது என்று பள்ளிக் கவுன்சிலரிடம் நாளைக்கே கேளுங்கள். படிவத்தைப் பையனே எழுதட்டும், கெப்பாசிட்டர் கதையோடு. அத்தையிடம் வேண்டுமானால் நான் பேசுகிறேன்.